மதுரைக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

தோழர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தையும் நம் தலித் மக்களின் போராட்டத்தையும் பற்றி ஏப்ரல் 14 தொடங்கி மூன்று நாள் நாம் நடத்திய சுவரொட்டிக் கண்காட்சி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நகக்கண்ணில் ஏறிய அச்சு மை இன்னும் போகவில்லை. அது போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நன்றி அச்சகத்து அண்ணனுக்கு. பேசி வைத்திருந்த மண்டபத்துக்காரர்கள் தலைப்பைக் கேட்டதும், நான்கு நாளே இருக்கும்போது, கையை விரித்துவிட்டார்கள். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் காகிதக் கட்டுகளை ஓரமாக அடுக்கி அச்சகத்தின் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார். இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைத்திருக்கும்? அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தில் 1966இல் கறுப்பின மக்கள் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சிக்கு அதன் ஓவியர் எமரி டக்ளஸ் வரைந்த படங்களும் கட்சிப் பத்திரிகையில் அச்சாகி, தெருவில் கைக்குக் கை போய், சுவரில் ஏறியவைதானே.

டக்ளஸின் தடித்த கோடுகளைப் பார்த்து, செதுக்கி மை தடவி அச்செடுக்கும் லினோ தகட்டில் நம் ஊர் முகங்களைச் செதுக்கிய தம்பி தங்கைகளுக்கு அடுத்த நன்றி. ஒரு தங்கை கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டே தூய்மைப் பணியாளர் ஒருவரின் கையுறை இல்லாத கைகளைச் செதுக்கி முடித்தாள். இரண்டாம் நாள் காலை, தெருவைக் கூட்டிவிட்டு உள்ளே வந்த அக்கா அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "கை சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா, உங்களுக்கும் நன்றி.

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தைத் தமிழாக்கிய தோழர் இரண்டு இரவு தூங்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்கிற சின்னக் கடிதம்தான். ஆனால் அதில் வருகிற 'நீக்ரோ' என்ற சொல்லை என்ன செய்வது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கடிதத்தில் அந்தக் காலத்துச் சொல் அப்படியே இருக்கட்டும், நம் குறிப்புகளில் கறுப்பின மக்கள் என்றே எழுதுவோம் என்று அவர்தான் முடிவுக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் பறை ஆசான் ஐயா. உங்களுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது, ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்ததையும், மறுவருடமே சட்டம் போட்டு அவர்களிடமிருந்து முரசைப் பறித்ததையும் எழுதி, பக்கத்தில் பறையை மாட்டி, 'இரண்டும் ஒரே கதை' என்று நாங்கள் தலைப்பு வைத்திருந்தோம். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த நீங்கள் அதைப் படித்துவிட்டு, "ஒரே கதை இல்லப்பா, அங்க அடிக்கக் கூடாதுன்னான், இங்க எழவு வீட்டுல அடிச்சே ஆகணும்னான்" என்றீர்கள். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று உங்கள் அப்பா பறையைக் கீழே வைத்ததையும், அதே பறையை நீங்கள் மேடைக்காக மறுபடி கையில் எடுத்தபோது வீட்டில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதையும் அன்றைக்குத்தான் கேட்டோம். தலைப்பை அப்போதே கிழித்தோம். ஒற்றுமை பேசுகிற அவசரத்தில் ஒருவர் பட்டதை இன்னொருவர் பட்டதன் மேல் ஒட்டிவிடக் கூடாது என்று எங்களுக்குப் புரியவைத்தது நீங்கள்தான்.

பம்பாயில் 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கியவர்கள் ஓக்லாந்தின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள், எழுதிய கவிதை அவர்களுடையது. எண்பதுகளில் அந்தப் பெயர் நம் மதுரைக்கும் வந்தது. அந்த நாட்களின் துண்டறிக்கைகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் பாதுகாத்து வைத்திருந்து, எங்களை நம்பிக் கொடுத்த பெரியவருக்கு நன்றி. ஒன்றுகூடக் கசங்காமல் இந்த வாரமே வீட்டுக்கு வந்து சேரும்.

ஆசான் ஐயா, பறை அடிக்கும் உங்கள் சிண்டுக்குச்சி ஒன்று பின்கட்டில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.