ராக் கேட்கிறவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-ன் இசை பற்றி நீங்கள் போட்ட பக்கத்தில் சினிமாப் பாட்டு மட்டும்தான் இருந்தது. சரி, அது வழக்கம்தான், ஆனாலும் ராக் கேட்கிற எங்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

என் கணக்கில் முதலிடம் இங்கிலாந்தின் தி க்யூர் குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பம். 16 ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு நவம்பரில் வந்தது, மொத்தமே 8 பாட்டு. முதல் பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதுவரை டிரம்ஸும் கிதாரும் கீபோர்டும் மூடுபனி மாதிரி மெல்லக் கவிகின்றன, பொறுமை இல்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். இறந்துபோன அண்ணனை நினைத்து அவர் எழுதிய பாட்டும் இதில் இருக்கிறது. அதை ராத்திரியில் தனியாகக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பங்க் (வேகமும் ஆவேசமும் நிறைந்த ராக் வகை) என்றால் ஆஸ்திரேலியாவின் அமைல் அண்ட் தி ஸ்னிஃபர்ஸ் குழு. ‘கார்ட்டூன் டார்க்னெஸ்’ ஆல்பத்தில் பாடகி ஏமி டெய்லர் பாடுகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்றே தெரியாது (வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத் திட்டு வாங்கினேன்). அப்புறம் டப்ளின் பையன்கள் ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யின் ‘ரொமான்ஸ்’. பழைய முரட்டுத்தனம் போய்விட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு, எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் கிரீன் டே குழுவின் ‘சேவியர்ஸ்’ பரவாயில்லை ரகம், அவர்களுடைய 30 ஆண்டுகளுக்கு முந்தைய ‘டூக்கி’ ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றியது.

அடுத்த ஆண்டுக்கான பக்கத்தில் இடம் இருந்தால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்