சாவியோடு எறும்பையும் ஒப்படைத்துவிட்டுப் போனவனின் நன்றி மடல்

மாடி வீட்டு அக்காவுக்கும், எதிர் வீட்டு ஐயாவுக்கும், கீழ் வீட்டுத் தம்பிக்கும் வணக்கம்.

நான் திரும்பி வந்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே மூன்று வாசலிலும் நின்று நன்றி சொன்னேன். "இதுக்கெல்லாமா நன்றி" என்று அக்கா என்னைத் திட்டாத குறை. ஐயா பேச்சை மாற்றி என் செம்பருத்தியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி வழக்கம்போல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவே இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தில் இருந்தால் பேச்சை மாற்ற முடியாது பாருங்கள்.

19 நாள், 17 தொட்டி, அதுவும் கோடையின் நட்டநடுவில். நான் கேட்டது தண்ணீர் ஊற்ற மட்டும்தான். நீங்கள் செய்தது என்னவென்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். கூடவே, நான் எப்படிப்பட்ட வீட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனேன் என்பதும் தெரியட்டும்.

முதலில் அந்தத் தாள். கிளம்பும் அவசரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேனே, "எல்லாச் செடிக்கும் தினமும் ஒரு சொம்பு தண்ணீர்" என்று. இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. மிளகாய்ச் செடிக்கும் ஒரு சொம்பு, சோற்றுக்கற்றாழைக்கும் ஒரு சொம்பு! அக்கா இரண்டாம் நாளே அதைத் திருப்பி ஒட்டிப் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டுப் பார்க்கவும். விரலில் ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம்." அதற்குக் கீழே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கோடு. 19 நாளில் மிளகாய்க்குப் பதினெட்டுக் கோடு, கற்றாழைக்கு இரண்டே இரண்டு. என்னிடம் இருந்தவரை அந்தக் கற்றாழை ஏன் எப்போதும் அடியில் நொளநொளவென்று இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "தம்பி, ரெண்டு தொட்டியில ஊத்துனதும் தண்ணி அப்படியே கீழ வந்துருது, மண்ணு குடிக்கவே மாட்டேங்குது." நானோ, கீழே வருகிறதென்றால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள் என்றேன். நல்லவேளை, அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரேயடியாகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுவில் வேர் இருக்கும் இடம் பொடிப்பொடியாகவே இருக்கும். அக்கா அந்த இரண்டு தொட்டிகளையும் வாளித் தண்ணீருக்குள் இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்திருந்து எடுத்திருக்கிறார். மண் மறுபடி உப்பிச் சுவரோடு சேர்ந்துகொண்டதாம். அதோடு நிற்காமல், வெயில் நேராக அறையும் கைப்பிடிச் சுவரிலிருந்து எல்லாத் தொட்டிகளையும் இறக்கி நிழலில் நெருக்கமாக அடுக்கியிருக்கிறார். பெரிய தொட்டிகளின் இடுப்பு வலி என்னவென்று எனக்குத் தெரியும், அக்கா. தனியாகத் தூக்கவில்லை என்று சொன்னீர்கள், நான் நம்பவில்லை.

மிளகாய்ச் செடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானம் மூன்று மணிக்கு அது இலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்துப் பயந்து, எனக்குப் படம் அனுப்பினீர்கள். நான் அப்படிப்பட்ட நேரத்தில் ஓடிப்போய் ஊற்றுகிறவன். நீங்கள் சாயங்காலம் வரை பொறுத்து மறுபடி ஒரு படம் அனுப்பினீர்கள். ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக ஆவியாக்கினால் மண்ணில் ஈரம் இருந்தாலும் செடி வாடித்தான் தெரியும். காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதை நான் உங்களிடம் கற்றுக்கொண்டேன் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி தம்பி, உன் முறை. காதில் இருப்பதைக் கழற்று.

செடிகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று குளியலறையில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனேன். திறந்த வாளி. பத்தொன்பது நாளைக்கு! பெரிய முன்யோசனைக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ அஞ்சாம் நாள் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போய், டார்ச் அடித்துப் பார்த்து, "அண்ணா, உங்க வாளியில சாதாரணமா ஒரு நூறு பேர் நீந்துறாங்க" என்று செய்தி அனுப்பினாய். தலைகீழாகத் தொங்கி நெளியும் கொசுப்புழுக்கள். தொட்டிகளின் அடித்தட்டிலும் அதே கூட்டம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நீ போகாமல் இருந்திருந்தால் நான் வந்து கதவைத் திறக்கும்போது எனக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று நினைத்தாலே அரிக்கிறது.

வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாலே நான் நன்றி சொல்லியிருப்பேன். நீ வாளியையும் தட்டுகளையும் பிரஷ் போட்டு விளிம்பு வரை தேய்த்திருக்கிறாய். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும், தண்ணீரைக் கொட்டினாலும் அது காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி நனைந்தால் பொரியும் என்று நீ சொன்னபோது எனக்கு வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கை கழுவியவன் நான். தட்டுகளில் நீ மணல் நிரப்பி வைத்ததும் அருமையான யோசனை. ஈரம் நிற்கிறது, நீந்த இடமில்லை.

கரப்பான் விஷயத்தை அதிகம் நீட்டப் போவதில்லை, அக்காவும் நானும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். துணி எடுக்க சிங்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தார், திறந்த வேகத்தில் மூடினார். சின்னதாக, பழுப்பாக இருக்கும் ஜெர்மன் கரப்பான். ஒரு பெட்டை சுமந்து திரியும் முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது முட்டை இருக்கும் என்பதால் ஒன்றைப் பார்த்தால் ஒன்று என்று கணக்குப் போடக் கூடாது. அக்கா மருந்து அடிப்பதற்கு முன்னால் குழாய் இணைப்பில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் கவனித்து, நாடாவைச் சுற்றி இறுக்கிவிட்டார். கரப்பான் பட்டினி தாங்கும், தாகம் தாங்காது. பிறகுதான் இடுக்குகளில் புள்ளி புள்ளியாக, கரப்பான் தின்று சாகும் விஷ ஜெல் வைத்தார். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்கு அவை ஜெல்லையே நெருங்காது. என் ஸ்பிரே புட்டியை அவர் எங்கோ ஒளித்துவைத்துவிட்டார். இன்னும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஐயா, இனி உங்கள் கதை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே என் சமையலறை ஜன்னலில் எறும்புச் சாரை. துடைத்தால் மறைவதும் மறுநாள் வருவதுமாக இருந்தது. மருந்து அடித்து வரிசையில் வந்ததைக் கொன்றேன், புற்றில் இருந்த ராணிக்கு அதனால் தூக்கம்கூடக் கெடவில்லை. நீங்கள் சாவி வாங்கி உள்ளே போன முதல் நாளே ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டதாக அக்கா சொன்னார். "தண்ணி ஊத்தப் போனவரு ரெண்டு மணி நேரமா வரல, என்னாச்சோன்னு பார்க்கப் போனேன்" என்று. எறும்பு எங்கே போகிறது என்றுதான் நான் பார்த்தேன். நீங்கள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்கள். அது ஜன்னல் கம்பியைத் தாண்டி, சுவரில் இறங்கி, நேராக என் செம்பருத்தித் தொட்டிக்குப் போய்விட்டது.

நுனிக் குருத்திலும் மொட்டின் காம்பிலும் பஞ்சு அப்பியதுபோல் மாவுப்பூச்சி. அதை நான் பார்த்திருக்கிறேன், தூசி என்று நினைத்திருக்கிறேன்! அது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான திரவத்தைக் கழிக்கும், எறும்பு அதை நக்கிக்கொண்டு அதற்குக் கைம்மாறாகப் பூச்சியைத் தின்ன வருகிறவர்களை விரட்டும், சிந்தியதில் கரும்பூசணம் படரும். இலையில் இருந்த கறுப்பு அதுதானாம். என் சமையலறைக்கு வந்த சாரை பெரிய கூட்டத்தின் வால்தான், தலை இங்கே இருந்தது.

நீங்கள் போராக்ஸ் என்கிற வெண்காரத்தைச் சர்க்கரைக் கரைசலில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று கலந்து, மூடியில் துளையிட்ட சின்ன டப்பாவில் பஞ்சோடு வைத்தீர்கள், யார் கைக்கும் எட்டாத உயரத்தில். வெண்காரம் கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், குறைவாக இருந்தால்தான் புற்று வரை சுமந்து போய் மற்றவர்களுக்கு ஊட்டும். முதல் நாள் சாரை இரண்டு மடங்கானதைப் பார்த்து அக்கா துடைக்கத் துணியோடு வந்தபோது நீங்கள் குறுக்கே கையை நீட்டி நின்றீர்களாம். ஆறாம் நாள் சாரை இல்லை. செம்பருத்தித் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சுற்றிலும் தண்ணீர் நின்ற தாம்பாளத்தில் வைத்தீர்கள். உடனே தம்பி, "தாத்தா, தேங்கின தண்ணி" என்று சண்டைக்கு வந்தான். நீங்கள் அதில் சோப்புத் தூள் கரைத்தீர்கள். நீரின் மேல்பரப்பு இளகிவிட்டால் கொசுப்புழுவால் மூச்சுக்குழலை மேலே பிடித்து நிற்க முடியாது. சண்டை தீர்ந்தது. இந்தக் காட்சியை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

ஒன்பதாம் நாள் நீங்கள் அனுப்பிய படத்தில், மற்ற மாவுப்பூச்சிகளைப்போல மூன்று மடங்கு பெரிதாக ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. "ஐயோ, அதுதான் தலைவன், முதலில் அதை நசுக்குங்கள்" என்று நான் போனிலேயே கத்தினேன். நீங்கள் நிதானமாக, "இல்லப்பா, இது நடக்குது. மாவுப்பூச்சி இவ்வளவு வேகமா நடக்காது. அதுவும் மத்ததைத் தின்னுக்கிட்டு நடக்குது" என்றீர்கள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் வேஷத்திலேயே வந்து மாவுப்பூச்சியைத் தின்னும். ஆஸ்திரேலியாவின் பிள்ளை. 1891-ல் கலிபோர்னியாவின் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு இதற்காகவே கொண்டு போனார்கள். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கண்ணாடி இருக்கிறது, நேரமும் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அதுவரை மாவுப்பூச்சிமேல் தெளித்துவந்த சோப்புத் தண்ணீரை அன்றோடு நிறுத்தினீர்கள். காவலுக்கு எறும்பு இல்லாததால் அந்தப் புழுவும் அதன் உறவும் நிம்மதியாக வேலை பார்த்தன. நான் வந்தபோது குருத்து சுத்தம். மூன்று மொட்டு.

நீங்கள் மூவரும் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லத் தயங்கினீர்கள். பெரணி செத்துப் போனது. அக்கா அதை மறைத்து வைத்திருந்த இடமும் எனக்குத் தெரியும், மொட்டைமாடிப் படிக்குக் கீழே. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் முழுக்கக் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தது, அழுகிய வாடை. அது 19 நாளில் நடந்த காரியமே இல்லை. மாதக்கணக்கில் நான் ஊற்றிய சொம்புகளின் கணக்கு. ஆகவே அந்தக் கொலை என்னுடையது, நீங்கள் யாரும் அதற்காகப் புதுச் செடி வாங்கி வரக் கூடாது. வாங்கிவிட்டதாகத் தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான். சரி, வாங்கியதை வைத்துக்கொள்கிறேன், இனி வேண்டாம்.

அப்புறம், அடுத்த மாதம் அக்கா மகள் வீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். சாவியை என்னிடம் தாருங்கள். விரல் தயாராக இருக்கிறது. தாளில் என்ன எழுதுவது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், உங்கள் தாளின் நகலே என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
இரண்டாம் மாடி, கிழக்குப் பக்க வீட்டுக்காரன்

பி.கு.: ஐயா, உங்கள் கண்ணாடிக் குப்பியை இன்னும் திருப்பித் தரவில்லை என்று கோபிக்க வேண்டாம். அதில் நீங்கள் பிடித்து வைத்த இரண்டு பொறிவண்டுப் புழுக்களில் ஒன்று நேற்று வண்டாகி வெளியே வந்தது, கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. இன்னொன்று இன்னும் குச்சியில் கூட்டுப்புழுவாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.