காரைக்குடியிலிருந்து அப்பச்சி எழுதுவது

செல்ல மகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். நீ கொடுத்துவிட்டதெல்லாம் அம்மா கைக்கு வந்துவிட்டது. போனில் சொல்ல வராத ஒன்று மனசில் கிடக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பிட்ஸ்பர்க்கில் நீ என்னைக் கூட்டிப்போன அந்த 'யோ லா டெங்கோ' ராக் குழுவின் கச்சேரி.

எனக்கு அரை மனசுதான் இருந்தது, உனக்கே தெரிந்திருக்கும். காலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலில் நின்றுவிட்டு, ராத்திரி ராக் கச்சேரியா என்று இருந்தது. காரில் நீ அந்தப் பெயருக்குக் கதை சொன்னபோதுதான் கொஞ்சம் இளகினேன். 1962-இல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியில் ரிச்சி ஆஷ்பர்ன் பந்தைப் பிடிக்க ஓடி வந்து "எனக்கு" என்று இங்கிலீஷில் கத்துவாராம். வெனிசுவேலாக்காரர் எலியோ சாக்கோனுக்கு அது புரியாமல் இரண்டு பேரும் மோதிக்கொள்வார்களாம். அதனால் ஆஷ்பர்ன் அதையே ஸ்பானிஷில் 'யோ லா டெங்கோ' என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை சாக்கோன் ஒதுங்கிவிட்டார், ஆனால் ஸ்பானிஷ் தெரியாத இன்னொருவர் வந்து மோதிவிட்டார்! நம்மூர்ப் பொட்டலில் நாங்களும் இப்படித்தான் முட்டிக்கொண்டு விழுவோம். தங்கள் குழுவுக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மேடையில் மூன்றே பேர். அயிரா கேப்லனும் ஜார்ஜியா ஹப்லியும் கணவன் மனைவி, 1984-இல் தொடங்கியவர்கள். ஜேம்ஸ் மெக்நியூ 1992-இல் வந்து சேர்ந்தவர். என் வயதுக்காரர்கள் ஆத்தா! கடைக்குப் போகிறவர்கள் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்து, தலையை ஆட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் விட்ட வாத்தியத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். இது என்னுடையது என்ற பிடிப்பு யாருக்கும் இல்லை.

முதல் பாதி முழுக்க மெதுவான பாட்டுகள். அந்த அம்மாள் டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தடவி வாசித்துக்கொண்டே பாடினார். குரலை உயர்த்தவே இல்லை. நின்றுகொண்டிருந்த அத்தனை கூட்டமும் வாய் திறக்கவில்லை, பின்னால் யாரோ கிளாஸில் ஐஸ் போடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு என் அப்பச்சி, உன் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. எம்.டி.ராமநாதன் பாட்டு ரேடியோவில் வந்தால் வீட்டுக்குள் வளவில் யாரும் நடக்கக் கூடாது. "என்ன இவர் இவ்வளவு மெதுவாகப் பாடுகிறார்" என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு, "உனக்கு எங்கே போக வேண்டும்?" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் பாதி சத்தம்தான், மறைக்கவில்லை. நீ கொடுத்த பஞ்சை காதில் வைத்தும் நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் அதில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. கிடார் எங்கெங்கோ அலைந்து கத்துகிறது, அதற்கு அடியில் ஆர்கனில் ஒரே சுரம் நிற்கிறது, அசையவே இல்லை. அது நம்ம ஒத்து! கோவில் திருவிழாவில் நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஊதுவாரே, அவர். ராகம் வாசிக்க அந்தக் குழலில் விரல் துளை கிடையாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே சுருதியை விடாமல் ஊத வேண்டும். ஊரே நாகஸ்வரக்காரரைப் பார்க்கும், நான் சின்னப் பையனாக அந்த ஒத்துக்காரர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அந்தச் சத்தத்தை உன் ஊரில் போய்க் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

அப்போது திரும்பி உன்னைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாய். பிளஸ் டூ வருஷம் உன் கிடாரை வாங்கி அறையில் வைத்துப் பூட்டினேனே, அதற்கு முந்தின நாள் முகப்பில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த அதே முகம். "ஒரே இடத்தில் டொங் டொங் என்று தட்டுகிறாய், இது ஒரு வாசிப்பா" என்று நான் சொன்னது இருக்கிறதே, அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன். பரீட்சை முடிந்த பிறகாவது திருப்பித் தந்திருக்க வேண்டும். நீயும் கேட்கவில்லை, நானும் தரவில்லை. பதினேழு வருஷம். கச்சேரி முடிந்து காரில் வரும்போதே சொல்ல நினைத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

வந்த மறுநாளே அந்த அறையைத் திறந்தேன். உறை முழுக்கத் தூசி, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்து முகப்பில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆறு கம்பியில் இரண்டு அறுந்துவிட்டது, மற்றதெல்லாம் துரு. நேற்று சாயங்காலம் அம்மா வந்து அறாத கம்பி ஒன்றை விரலால் தட்டினாள், வளவு வரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போகிறேன். என்ன கம்பி, எந்த அளவு என்று மட்டும் எழுது. வாங்கி வைக்கிறேன். தை மாதம் நீ வரும்போது மாட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பச்சி