சித்தப்பாவுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

அன்புள்ள சித்தப்பா,

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியடியில் உங்களைக் கண்டேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. நீங்கள் பலாலி வீதியால் முகம் சிவக்க ஓடிக்கொண்டிருந்தீர்கள். ஹோர்ன் அடித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. இரவு சித்திக்குப் போன் எடுத்தால், "மனுசன் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து படுத்திருக்குது, காலைத் தூக்க முடியேல்லையாம்" என்கிறார். இன்று செவ்வாய். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகிற அந்த ட்ரையத்லன் போட்டி ஞாயிறு காலை 6 மணிக்கு.

நேரில் சொன்னால் "நீ சின்னப்பிள்ளை, பேசாமல் இரு" என்பீர்கள். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். சித்தி எப்படியும் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

இனிமேல் நீங்கள் ஓடுகிற எந்த ஓட்டமும் ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது. ஒரு கடினமான பயிற்சியை உடம்பு தாங்கி, தேறி, அதைப் பலமாக மாற்றுவதற்குப் பத்து நாளாவது வேண்டும். நேற்றைய பன்னிரண்டு கிலோமீற்றரின் பலன் போட்டி முடிந்த பிறகுதான் வந்து சேரும். களைப்பு மட்டும் நேரத்துக்கு வந்து நிற்கும். நாளைக்கு வெங்காயம் கிண்டப்போகிறவன் இன்றைக்குப் பசளை போட்டால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா?

அதற்காகச் சும்மா படுத்திருக்கவும் வேண்டாம். நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். புதன் இருபது நிமிட ஓட்டம், அதில் நாலு தரம் ஒவ்வொரு நிமிடம் விரைவாக. வியாழன் அரை மணி நேரம் சைக்கிள். வெள்ளி ஒன்றுமில்லை. வெள்ளியில் ஒன்றுமில்லை என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை சித்தப்பா, வளவில் தேங்காய் உரிப்பதும் கூடாது. உடம்பு சும்மா இருக்கத் தொடங்கியதும் எங்கெங்கோ நோகிற மாதிரி இருக்கும். என் முதல் போட்டிக்கு முன்னால் எனக்குத் தொண்டை கரகரத்தது, முழங்கால் இழுத்தது, எல்லாமே சனிக்கிழமைதான். ஞாயிறு தண்ணீரில் இறங்கியதும் ஒன்றையும் காணவில்லை.

நீங்கள் ஓட்டத்தை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் என்று சித்தி சொன்னார். சைக்கிளைப் பற்றிக் கேட்டால், சண்டையால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வை இழுப்பீர்கள். அப்பம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பை கொழுவி, செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலம் வரை சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனவருக்கு 20 கிலோமீற்றர் ஒரு தூரமா என்பீர்கள். சரி. கடலைப் பற்றியோ கேட்கவே விடமாட்டீர்கள், வல்வெட்டித்துறையில் வளர்ந்தவருக்கு யார் நீச்சல் சொல்லித்தருவது!

எனக்குப் பயம் அந்தக் கடலில்தான்.

நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த கதையும், ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் கோடியக்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்த கதையும் உங்கள் மடியில் இருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப்போய் அங்கேயே இறந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்கள் இதுவரை தனியாகத்தான் நீந்தியிருக்கிறீர்கள். ஞாயிறு உங்களைச் சுற்றி நாற்பது பேர் ஒரே நேரத்தில் கை வீசுவார்கள். ஒருவரின் குதிக்கால் உங்கள் நீச்சல் கண்ணாடியில் இடிக்கும், யாரோ காலைப் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும், மூச்சு எடுக்கப் போகும்போது உப்புத்தண்ணீர் வாய்க்குள் போகும். நெஞ்சு இறுகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். இந்த மாதிரிப் போட்டிகளில் உயிர் போகிற சம்பவங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான் நடக்கின்றன. 53 வயது, பிரஷருக்குக் குளிசை போடுகிற ஆள். டொக்டரிடம் போய் ஈசிஜி எடுத்தீர்கள் என்பதால்தான் இந்த அளவோடு விடுகிறேன். குளிசையை ஞாயிறு என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

போட்டி தொடங்குகிற கசூரினாக் கடற்கரையில் கரையிலிருந்து கனதூரம் ஆழமில்லை, தெரியும்தானே. எல்லாரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். பின்னால், ஓரமாக நில்லுங்கள். சங்கு ஊதி பத்து விநாடி கழித்து இறங்கினால் ஒன்றும் குறைந்துபோகாது. அதற்கு முன்பே ஐந்து நிமிடம் தண்ணீருக்குள் இருந்து, முகத்தை நனைத்து, மூச்சைப் பழக்குங்கள். நெஞ்சு இறுகினால் மல்லாந்து படுங்கள், கையைத் தூக்குங்கள், வள்ளம் வரும். வள்ளத்தைப் பிடித்து நின்று இளைப்பாறலாம், அதனால் போட்டியிலிருந்து நீக்கமாட்டார்கள். அது வெட்கமும் இல்லை.

750 மீற்றர் முடிந்ததும் கால் முழுக்க மணல். அதற்கு ஒரு சின்ன வாளியில் தண்ணீர், பழைய துவாய் ஒன்று, சப்பாத்துக்குள் கொஞ்சம் பவுடர். ஈரக் காலில் மேசு போடப் போராடி நான் மூன்று நிமிடம் தொலைத்தேன். ஹெல்மெற்றைப் போட்டுக் கொழுக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்கலாம், திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்வரை கழற்றவும் கூடாது. இதை மறந்தால் தண்டம். இன்று இரவே முற்றத்தில் பத்துத் தரம் செய்து பாருங்கள், பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனிச் சைக்கிளில் போகிற பொன்னாலைப் பாலம். சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. போகும்போது காற்று முதுகில் தள்ளும், அதை உங்கள் பலம் என்று நினைத்து அமத்துவீர்கள். வரதராஜப் பெருமாள் கோயிலடியில் திரும்பியதும் அதே காற்று முகத்தில் அறையும். இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர், மறைக்க ஒரு வடலிகூட இல்லை. போகும்போது ஒரு கியரைக் கையிருப்பில் வையுங்கள். இறங்கி ஓடத் தொடங்கினால் முதல் கிலோமீற்றர் கால் இரண்டும் உலக்கைதான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். (நம் ஊரில் சைக்கிளும் ஓடுகிறோம், காலாலும் ஓடுகிறோம். ஆனால் காலுக்கு இரண்டும் ஒன்றில்லை.)

சைக்கிளை வியாழன் இரவோடு விட்டுவிடுங்கள். போன தடவை நான் வெள்ளிக்கிழமை ஒரு கடையில் "சும்மா ஒருக்கால் பாருங்கோ" என்று கொடுத்தேன். நல்லாய் இருந்த கியரை மாற்றிவைத்துத் தந்தார்கள். போட்டியில் மூன்று தரம் செயின் கழன்றது. காற்றை மட்டும் ஞாயிறு காலையில் பாருங்கள், ஒரு ரியூப்பும் பம்பும் கையோடு இருக்கட்டும்.

சாப்பாடு. வெள்ளி இரவு கூழ் காய்ச்சப்போவதாகச் சித்தி சொன்னார். அந்த ஒடியல் கூழையும் நண்டையும் நினைத்தால் எனக்கே வாயூறுகிறது, ஆனால் அவ்வளவு உறைப்பையும் நாரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. எனக்கு ஒரு சட்டி எடுத்து வையுங்கள், நீங்கள் ஞாயிறு இரவு குடிக்கலாம். சனிக்கிழமை வெள்ளைச் சோறு, உறைப்பில்லாத சொதி, கொஞ்சம் மீன். ஞாயிறு விடிய மூன்று மணிக்கு இடியப்பமும் சொதியும், பிறகு ஒரு வாழைப்பழம். இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட போட்டி இது, இதற்கு முதல்நாள் மூன்று கோப்பை சோறு திணிக்கத் தேவையில்லை. தண்ணீரையும் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம், இரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும். சைக்கிள் போத்தலில் தேசிக்காய், உப்பு, சீனி போட்டுக் கரைத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் சனி பின்னேரமே ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள். எட்டரைக்குப் படுங்கள். நித்திரை வராது, பரவாயில்லை, வெள்ளி இரவு நித்திரை கொண்டால் போதும். நான் நாலு மணிக்கு வானோடு வந்து ஹோர்ன் அடிப்பேன், இந்தத் தரமாவது திரும்பிப் பாருங்கள்.

அந்தப் புதுச் சப்பாத்தைத் தேட வேண்டாம். அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டி இப்போது சித்தியிடம் இருக்கிறது. திங்கட்கிழமை தருவார்.

உங்கள் பெறாமகள்