கேரட்டை விடு, கத்தரியைப் போடு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தம்பியும் நானும் நலம். மாப்பிள்ளை, குட்டிப்பயல், சம்பந்தி அம்மா எல்லோரும் சௌக்கியமா? போனில் பேச ஆரம்பித்தால் "டியூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன். லீவு நாளில் நிதானமாகப் படி.

போன வாரம் பேசும்போது "எனக்குக் கைராசி இல்லப்பா" என்றாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. கேரட் முளைக்கவே இல்லை, பீன்ஸ் பூவோடு நின்றுவிட்டது, தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது என்று அழாத குறையாகச் சொன்னாய். பங்குனி கடைசியில் விதைத்து, அக்னி நட்சத்திரத்தில் காய் எதிர்பார்த்தால் எந்த ராசிக்காரன் கையிலும் அதுதான் நடக்கும். நீ இங்கே ஏழு வயதில் விதைத்த பட்டாணி எப்படிக் காய்த்தது என்று அம்மா இன்றைக்கும் பேசுகிறாள். உன் கைக்கு ஒரு குறையும் இல்லை. நீ பார்த்து வளர்ந்த பயிரும் இப்போது நீ இருக்கிற ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சூடு 6 டிகிரிக்குக் குறையாமல் இறங்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். நீ இருக்கிற பரமக்குடி சமவெளி, கடலும் பக்கம். உன் வாசலில் 38 அடிக்கிற நாளில் இங்கே 25 இருந்தாலே "என்ன வெயில்" என்போம். கேரட்டுக்கு 15 முதல் 20 டிகிரி இருந்தால்தான் கிழங்கு இனிப்பாகத் திரளும். மண் 35-க்கு மேல் கொதித்தால் விதை முளைப்பதே அபூர்வம். உருளைக்கு இரவு குளிர வேண்டும், இல்லாவிட்டால் செடி மட்டும் மதமதவென்று வளரும், கீழே ஒன்றும் இருக்காது. தக்காளி உங்கள் ஊரில் வராத பயிர் இல்லை. ஆனால் பகல் 35-ஐத் தாண்டி இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் செத்துப் பூ உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டாயே, அது தேவையே இல்லை. ஐப்பசிக்குப் பிறகு அதே தக்காளி பிஞ்சு பிடிக்கும், பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரட், பீட்ரூட், கோஸ் இதெல்லாம் நம் மலையின் பூர்வீகப் பயிர் என்று உன் மனதில் பதிந்திருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வந்து குடியேறினார்கள். இந்த இங்கிலீஷ் காய்கறியெல்லாம் வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் மலைக்கு வந்து, குளிர் ஒத்துக்கொண்டதால் நிலைத்தவை. உருளை பிறந்ததே தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில். கத்தரி இந்த மண்ணின் பயிர். வெண்டை வெயில் தேசத்துப் பயிர். கொத்தவரை வறண்ட பூமியில் நின்று காய்க்கும். பரமக்குடி வெயிலுக்கு அவை நடுங்காது. கேரட் சாப்பிட வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன், அதற்குத்தான் அப்பா இருக்கிறேன். கொல்லையில் அந்த ஊர்ப் பயிரைப் போடு.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தண்ணீர். நீ அனுப்பிய போட்டோவில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது உப்பு. ராமநாதபுரம் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடத்தில் அப்படித்தான். பீன்ஸும் கேரட்டும் உப்பைத் துளியும் தாங்காது. வெயில் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று இரண்டு அடி வாங்கியிருக்கிறது பாவம். வீட்டில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுவதாகச் சொன்னாய். அதை உடனே நிறுத்து. நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்த பிறகு மிச்ச உப்பெல்லாம் சேர்ந்து வருவது அது. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஊற்று. ஐப்பசி மழைக்குள் ஓட்டுத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தொட்டி வைக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

போர் தண்ணீர்தான் என்றால் இலையில் படாமல் வேரில் விடு. தினமும் மேலாகத் தெளிப்பது கெடுதல். ஈரம் மேலேயே நின்று காய்ந்து உப்பை அங்கேயே விட்டுப் போகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றாலும் ஆழமாக இறங்கும்படி விடு. காலையில் வெயில் ஏறும் முன்னே விட்டுவிடு. மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துப் பதறாதே. விரலை மண்ணில் இரண்டு கணு வரை இறக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் செடி வெயிலுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் தானே நிமிரும். அந்த நேரத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றியே வேரை அழுகடித்தவர்கள் நிறைய.

மண்பானை கிடைத்தால் வாங்கு, பளபளப்பு பூசாத சாதாரணப் பானை. கழுத்து மட்டும் வெளியே தெரிய மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, கொசு போகாமல் மூடி வை. சுற்றிலும் நான்கு கத்தரி நடு. பானை கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும். நைட் டியூட்டி பார்க்கிற உனக்கு இது பெரிய உபகாரம்.

அடுத்து மூடாக்கு. இதை மட்டும் செய்தால்கூடப் பாதி வெயிலை ஜெயித்த மாதிரி. உன் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வைக்கோலோ காய்ந்த வேப்பிலையோ கரும்புச் சோகையோ மூன்று அங்குலத்துக்குப் பரப்பு. தண்டை ஒட்டி மட்டும் போடாதே. தென்னை நார்க்கழிவு கட்டி வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து போடு, அதிலும் உப்பு உண்டு. உரத்துக்கு ஆட்டு எரு போதும். உங்கள் சீமையில் ஆட்டுக்கா பஞ்சம்? புதிதாகப் போடாதே, இரண்டு மாதம் மக்கவிடு.

இப்போது ஆனி பிறக்கப்போகிறது. கொல்லையில் பாதி இடத்தில் உடனே தக்கைப்பூண்டு விதை, மண்ணில் மடக்கிவிட்டு உரமாக்குகிற செடி அது. அது உப்பு மண்ணிலும் முளைக்கும், மண்ணையும் திருத்தும். 45 நாளில், பூப்பதற்கு முன்னே, அப்படியே மடக்கிக் கொத்திவிடு. பத்து நாள் மக்கட்டும். கணக்குப் போட்டால் ஆடிப்பெருக்கு கழிந்து விதைக்கிற பதத்துக்கு வந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் உங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். ஆகவே ஆடியில் போட்டாலும் புரட்டாசி வரை நீதான் தண்ணீர் காட்ட வேண்டும். மழை வரும் முன் பாத்தியை மேடாக்கிவிடு.

வெண்டையை ஓர் அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் நோஞ்சானைக் கிள்ளிவிடு. 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நுனியை ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். முற்றவிட்டால் செடி விதைக்குப் போய்விடும், புதுப் பிஞ்சு குறையும். இலை நரம்பு மஞ்சளாக வலை மாதிரி தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி எறி, இரக்கப்படாதே. வெள்ளை ஈ அதைப் பக்கத்துச் செடிக்கும் பரப்பும். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு டப்பாவில் விளக்கெண்ணெய் தடவி நட்டு வைத்தால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

கத்தரி ஒரு சுற்று காய்த்து ஓய்ந்ததும் பிடுங்காதே. கீழே ஒரு முழம் விட்டு மேலே வெட்டிக் கவாத்து செய்து எரு போடு, மறுபடி தழைத்துக் காய்க்கும். மிளகாய்க்கு நான் விதை அனுப்பப்போவதில்லை. நீ இருக்கிற சீமையின் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சந்தையில் நல்ல பழுத்த வத்தலாக நாலு வாங்கி உடைத்துப் போடு.

பந்தலை மேற்குப் பக்கம் போடு. பிற்பகல் வெயிலைப் பீர்க்கும் புடலையும் வாங்கிக்கொள்ளும், அதன் நிழலில் கீழே தண்டுக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை எல்லாம் வாடாமல் வரும். பந்தல் ஏறும் வரைக்கும் பாதி வெயில் விடுகிற பச்சை வலையைக் கட்டு. சுரை பூக்கிறது, பிஞ்சு வெம்பி விழுகிறது என்று மூன்று மாதம் முன்னால் கேட்டாய். பூவைப் பக்கத்தில் போய்ப் பார். சில பூவுக்கு வெறும் காம்பு மட்டும் இருக்கும், அது ஆண். சில பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவு குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருக்கும், மேலே மெல்லிய பூனைமுடி இருக்கும், அது பெண். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும், புடலை இருட்டிய பிறகு விரியும். அந்த நேரத்தில் பூச்சி நடமாட்டம் இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பும். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, மகரந்தப் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடு. பாகலும் பரங்கியும் விடிகாலையில் விரிகிற ஜாதி, டியூட்டி முடிந்து வந்ததும் அதைப் பார்க்கலாம். குட்டிப்பயலைக் கூட்டிப் போய்த் தடவச் சொல். நீ சின்னதில் என் பின்னாலேயே சுற்றினாய், அவனும் சுற்றட்டும்.

முருங்கை கட்டாயம் ஒன்று வை. நம் மலை அடிவாரத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறதல்லவா, பி.கே.எம்.-1 செடிமுருங்கை அங்கே வந்ததுதான். விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளு, கிளை அடிக்கும், காயும் கைக்கு எட்டும்.

மலைக்காய் ஆசையை முழுக்க விட வேண்டாம் கண்ணு. எங்களுக்கு உயரம் கொடுக்கிற குளிரில் கொஞ்சத்தை உனக்குக் கார்த்திகையும் மார்கழியும் கொடுக்கும். அப்போது பீட்ரூட்டும் முள்ளங்கியும் போடு. பீட்ரூட் உப்பை நன்றாகவே தாங்கும். இங்கே விளைகிற அளவுக்குப் பருக்காது, ஆனால் கீரையும் பொரியலுக்காகும், கிழங்கும் வரும். அதை எடுத்ததும் எனக்குப் போட்டோ அனுப்பு.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடி. அல்லது பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்து இரவு ஊறவைத்து வடிகட்டித் தண்ணீர் கலந்து அடி. அதற்காகக் கொஞ்சம் மலைப்பூண்டு வைத்திருக்கிறேன். 2019-ல் குறியீடு வாங்கிய பூண்டைப் பூச்சிக்கு அடிப்பதா என்று அம்மா சண்டை போடுகிறாள். உன் கத்தரிக்குத்தானே, நான் மனதாரத் தருகிறேன். ஆனால் அதை நட்டுப் பார்க்காதே, குளிர் இல்லாமல் பூண்டு திரளாது. உனக்கு ஆடு தொல்லை, எங்களுக்குக் காட்டெருமை. நீயாவது கருவேல முள்ளால் அடைத்துக்கொள்ளலாம்.

பெரியகுளத்து அத்தையிடம் சொல்லி நாட்டு விதை வாங்கி வைத்திருக்கிறேன். பச்சைக் கத்தரி, வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பீர்க்கு, புடலை, முருங்கை, கூடத் தக்கைப்பூண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதி, சாம்பல் கலந்து கட்டியிருக்கிறாள். தம்பி ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போகிறான், அங்கிருந்து பரமக்குடிக்கு அனுப்பிவைப்பான். ஒரு மூட்டை கேரட்டும் இருக்கும், சம்பந்தி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடு. வெயிலில் வெளியே போனால் தலையில் துண்டு போட்டுக்கொள். புடலைப் பந்தலை மாப்பிள்ளை தலை இடிக்காத உயரத்தில் போடச் சொல், ஆறரை அடியாவது இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா