செய்முறைத் தேர்வில் பிழையெல்லைக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்திலேயே முறையான பிழைகள் (எப்போதும் ஒரே பக்கமாக விலகுபவை), ஒழுங்கற்ற பிழைகள் (ஒவ்வொரு அளவீட்டிலும் முன்பின்னாக மாறுபவை), பிழைகளின் பெருக்கம் (அளவீட்டுப் பிழைகள் விடைக்குள் பரவும் விதம்), முக்கிய எண்ணுருக்கள் (விடையில் நம்பத்தக்க இலக்கங்கள்) ஆகியவற்றை மாணவர்கள் படித்துவிடுகிறார்கள். ஆயினும் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பாடம் மறக்கப்பட்டு, விடை, புவியீர்ப்பு முடுக்கத்தின் தெரிந்த மதிப்பான 9.8 மீ/வி²-க்கு எவ்வளவு அருகில் வந்தது என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளம் 100.0 செ.மீ.; அதை அளப்பதில் 0.1 செ.மீ. முன்பின் இருக்கலாம், அதாவது 0.1 விழுக்காடு. 20 அலைவுகளுக்கு 40.1 வினாடி ஆகிறது. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதத்தால் 0.2 வினாடி வேறுபடலாம் என்று கொண்டால், அது 0.5 விழுக்காடு. g = 4π²L/T² என்ற சூத்திரத்தில் அலைவுக்காலம் (T) இருமடியாக வருவதால், இந்தப் பிழை 1 விழுக்காடாகிவிடுகிறது. கணிப்பான் 9.8204408 என்று காட்டும். மாணவரும் அதை அப்படியே எழுதிவிடுவார். இரு பிழைகளையும் கூட்டினால் 1.1 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 0.1 மீ/வி² என்பதால், எழுத வேண்டிய விடை 9.8 ± 0.1 என்பதே; இந்த ± 0.1 தான் விடையின் பிழையெல்லை. இடைப்பட்ட படிகளில் இலக்கங்களை வெட்டாமல் வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்க வேண்டும்.

இந்தச் சிறு கணக்கு, சோதனையை எங்கே திருத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. நீளத்தை இன்னும் நுட்பமாக அளந்து பெரும்பயன் இல்லை. 20 அலைவுகளுக்குப் பதிலாக 50 அலைவுகளை எண்ணினால் அதே 0.2 வினாடி 100 வினாடிக்குப் பரவி, விடையின் பிழை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 9.8 என்ற இலக்கை நோக்கி ஓடும் மாணவருக்கு இதைச் சிந்திக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

விழுக்காட்டுப் பிழைகளை அப்படியே கூட்டும் பாடநூல் முறை பெரும எல்லையைத் தருவது. ஒன்றையொன்று சாராத ஒழுங்கற்ற பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அரிது என்பதால், அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்பதே ஆய்வாளர்களின் வழக்கம். 1 விழுக்காடும் 1 விழுக்காடும் சேர்ந்தால் அங்கே 2 அல்ல, 1.4 தான். ஆனால் தேய்ந்த ஒரே அளவுகோலால் நீளத்தையும் அகலத்தையும் அளந்திருந்தால் இரண்டும் ஒரே பக்கமாகவே தவறும்; அப்போது நேரடியாகக் கூட்டுவதே சரி. இந்த வேறுபாட்டை மேனிலை வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பலமுறை அளந்து சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற பிழை குறையும். முறையான பிழை குறையாது. 2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தின் ஓபரா குழுவினர், ஜெனீவா அருகேயுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கி.மீ. கடந்து வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60.7 நானோவினாடி (ஒரு நானோவினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்திவிட்டதாக அறிவித்தனர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளிலிருந்து பெறப்பட்ட அந்த எண்ணுக்கு ஒழுங்கற்ற பிழை 6.9, முறையான பிழை 7.4 என்று தனித்தனியே குறித்திருந்தனர். சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழை இணைப்பு நேரக் கணக்கைக் கெடுத்திருந்தது பின்னர் தெரியவந்தது. எத்தனை ஆயிரம் நிகழ்வுகளைச் சேர்த்திருந்தாலும் அந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும். அக்குழுவினர் தங்கள் கணக்கை முழுமையாக வெளியிட்டு, பிறரையும் ஆராய அழைத்தது போற்றத்தக்கது.

எனவே, செய்முறைத் தேர்வு மதிப்பெண்களில் ஒரு பகுதியைப் பிழையெல்லைக் கணக்குக்கு ஒதுக்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நேர்மையாக அளந்து 9.6 ± 0.3 என்று எழுதும் மாணவர், வெறும் 9.81 என்று எழுதுபவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும். தங்கள் நாளிதழும் மாணவர்களுக்காக மாதிரிச் செய்முறைக் கணக்குகளை வெளியிடும்போது, ஒவ்வொரு விடையுடனும் அதன் பிழையெல்லையைச் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்