கையெழுத்துப் போடும் முன் மலருக்கு

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் பெண்ணின் விவாகரத்தை நினைத்து நீ தூங்காமல் கிடப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

"எனக்கு எதுவுமே வேண்டாம், விட்டால் போதும்" என்கிறாளாமே. எனக்கு அதுதான் கவலை. குடும்பநல நீதிமன்றத்தில் இத்தனை காலம் வழக்கு நடத்தியவள் சொல்கிறேன், மனசு ஒடிந்திருக்கும்போது பெண்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்துகளை நிறையப் பார்த்துவிட்டேன். இருவரும் சம்மதித்துப் பிரிவது நல்ல வழிதான். ஒரு வருடமாவது பிரிந்திருந்தால் மனு போடலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனுவில் "நகைகளைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி வரும். நகை கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடவே கூடாது.

நீ போட்டதும் சரி, அவர்கள் வீட்டில் அவளுக்கென்று போட்டதும் சரி, அது அவளுடைய சீதனம், அதாவது அவளுக்கே சொந்தமான சொத்து. மாமியார் லாக்கரில் இருந்தாலும் அவளுடையதுதான். 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம், ஒட்டியாணம், கை வங்கி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கடை பில் இருந்தால் இன்னும் பலம்.

வீட்டு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மாப்பிள்ளை பேரில் இருக்கிற வீட்டில் பாதி தானாக வராது. கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. இது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அது ஒரு வழக்கின் தீர்ப்புதான், சட்டமே மாறிவிடவில்லை. இவள் சம்பளத்தில் லோன் தவணை போயிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டை இப்போதே வாங்கி வைக்கட்டும்.

ஐந்து வயதானால் பேத்தி அப்பாவிடம் போய்விடுவாள் என்று சம்பந்தியம்மா சொன்னதற்காக நீ பயப்படாதே. ஐந்து வயதுவரை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு அப்பாவிடம் தானாகப் போகாது. குழந்தைக்கு எது நல்லது என்றுதான் கோர்ட் பார்க்கும். அதே சமயம், குழந்தை அப்பாவைப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, லீவில் எத்தனை நாள் என்று மனுவிலேயே எழுதிவிட்டால் பின்னால் சண்டை குறையும். படிப்புச் செலவையும் எழுதுங்கள். தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று அவள் சொல்லலாம், குழந்தைக்கு வேண்டியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமையில்லை.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மனு நகல் வந்ததும் முதலில் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி